போன் கைக்கு வந்தாச்சு, பாடம் எங்கே?

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து உள்ளூர்ச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் படம் பழக்கமானது. திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். பார்வை மாற்றுத்திறனாளி ஒருவருக்கு ஸ்மார்ட்போன் வழங்கப்படுகிறது. இல்லையென்றால் மடக்குக்குச்சி, பிரெய்ல் கைக்கடிகாரம். நல்ல திட்டம்தான், அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படம் எடுத்த மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. பெட்டியைப் பிரித்து, பேசும் வசதியை இயக்கி, முதல் போன் கால் எப்படிப் போடுவது என்று யார் சொல்லித் தருகிறார்கள்?

இரண்டு மூன்று வருடமாக இந்த விஷயத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். கொஞ்சம் கையாலும் செய்து பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்வையற்றவர்களுக்கான தொழில்நுட்பத்தில் இன்று விலை பெரிய தடை இல்லை. போன் கிடைக்கிறது, மென்பொருள் இலவசம், தமிழ்க் குரலும் வந்துவிட்டது. பஞ்சம் பயிற்சியில்தான். பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில், அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் ஆள் கிடைப்பதில்லை.

இது என் ஒருவன் கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து 2022-ல் உதவித் தொழில்நுட்பம் பற்றி ஓர் உலக அறிக்கை வெளியிட்டன. உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவைப்படுகிறது என்றது அது. மக்கள், கொள்கை, பொருள், சேவை, பயிற்சி பெற்ற பணியாளர் என்று ஐந்து கால்களை வைத்து அந்த அறிக்கை பேசுகிறது. நம் ஊரில் ‘பொருள்’ என்ற கால் ஓரளவு ஊன்றிவிட்டது. ‘பணியாளர்’ என்ற கால் இன்னும் அந்தரத்தில்தான் இருக்கிறது.

யாருக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 1,27,405 பேர். இந்தியா முழுக்க 50 லட்சத்துக்குச் சற்று மேல். பெரம்பலூர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே அப்போது 5,65,223தான். அரியலூரில் 7,54,894. மாநில சராசரியை அப்படியே வைத்து நான் போட்ட தோராயக் கணக்கில் பெரம்பலூரில் ஆயிரம் பேர், அரியலூரில் ஆயிரத்து முந்நூறு பேர் வரும். இரண்டு மாவட்டமும் சேர்ந்து இரண்டாயிரத்து முந்நூறு. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பிள்ளைகள் எண்ணிக்கை. சமாளிக்க முடியாத எண் இல்லை.

இவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பிறவியிலோ சின்ன வயதிலோ பார்வை இழந்தவர்கள். இவர்களுக்காகத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் என்ற ஏற்பாடு ரொம்ப காலமாக இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் தொடங்கிய பள்ளி, பூந்தமல்லியிலும் தஞ்சாவூரிலும் உள்ள அரசுப் பள்ளிகள், திருச்சி புத்தூரில் பெண்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கே பிரெய்ல் கற்கிறார்கள், குச்சி பிடித்து நடக்கக் கற்கிறார்கள். அதைவிட முக்கியம், தன்னைப்போல இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறார்கள். போனில் ஒரு புது வசதி வந்தால் விடுதியில் ஒருவர் கண்டுபிடித்து இரவுக்குள் பத்துப் பேருக்குச் சொல்லிவிடுவார்.

இன்னொரு கூட்டம், நாற்பது ஐம்பது வயதில் பார்வை இழந்தவர்கள். சர்க்கரை நோய், கண் நீர் அழுத்தம், விபத்து என்று காரணங்கள் பல. இவர்களுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, விடுதியும் இல்லை. ஆஸ்பத்திரியில் ‘இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று சொன்னதும் வீட்டுக்கு வருகிறார்கள். திண்ணையில் உட்காருகிறார்கள். அத்தோடு சரி.

என் பெரியப்பா மகன் இந்த இரண்டாவது கூட்டம். எனக்கு அண்ணன் முறை, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவர். கண் நீர் அழுத்தம் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கடைசியில் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. கையில் நல்ல போன் இருந்தது. அதை வைத்து அவர் செய்தது ஒன்றே ஒன்று: மணி அடித்தால் யாரையாவது கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்வது. வெங்காயம் போட்ட பணம் வங்கிக்கு வந்தால் குறுஞ்செய்தியைப் பக்கத்து வீட்டுப் பையன் வாசிப்பான். ஓடிபி வந்தால் அதையும் அவனே வாசிப்பான். ‘கணக்குல எவ்வளவு இருக்குன்னு ஊருக்கே தெரியும் தம்பி, எனக்குத்தான் கடைசில தெரியும்’ என்றார் ஒருநாள். தொழில்நுட்பப் பயிற்சி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

திரைவாசிப்பான் என்ன செய்கிறது?

கண் தெரியாதவர் கம்ப்யூட்டரையோ போனையோ இயக்க உதவும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். திரையில் தெரிவதை அப்படியே படம் பிடித்து வாசிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது திரையைப் பார்ப்பதே இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு செயலி திரையில் ஒரு பொத்தானை வரையும்போது, இயங்குதளத்திடம் அதைப் பற்றிய குறிப்பு ஒன்றையும் கொடுக்க வேண்டும். குறிப்பில் முக்கியமாக மூன்று விஷயம்: பெயர் என்ன, அது என்ன வகைப் பொருள், இப்போது என்ன நிலையில் இருக்கிறது. ‘அனுப்பு, பொத்தான், இயங்கவில்லை’ என்பது போல. இந்தக் குறிப்புகள் எல்லாம் கிளை கிளையாக ஒரு மரம்போல அடுக்கப்பட்டிருக்கும். திரைவாசிப்பான் அந்த மரத்தில் ஏறி இறங்கி, நிற்கும் இடத்தில் உள்ள குறிப்பைக் குரலாக்கித் தருகிறது. விண்டோஸில் இதற்கான ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 1997-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் திரையில் வரையச் சொல்லும் கட்டளைகளை இடைமறித்து, ஊகித்து வாசிக்க வேண்டியிருந்தது.

எழுதியவர் பெயர் வைக்க மறந்தால் குறிப்பில் பெயர் இருக்காது. அப்போது கேட்பவர் காதில் விழுவது ‘பட்டன், பட்டன், பட்டன்’. அண்ணனுக்குச் சொல்லித்தரும்போது ஒரு செயலியின் முதல் பக்கத்தில் இப்படி ஏழு பட்டன் வந்தது. எது பணம் அனுப்ப, எது வெளியேற என்று தெரியாது. கண் தெரிந்தவர்களுக்கு அங்கே அழகான சின்னப் படங்கள் இருந்தன.

இந்த மென்பொருள்களின் வரலாற்றில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. முக்கியமானவற்றைச் செய்தவர்கள் தேவைப்பட்டவர்களேதான். ஜாஸ் என்ற திரைவாசிப்பானை 1989-ல் டாஸ் காலத்தில் கொண்டுவந்த டெட் ஹென்டர், அமெரிக்காவில் மோட்டார்சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978-ல் கார் விபத்தில் பார்வை இழந்தவர். ஜாஸ் அருமையான மென்பொருள், ஆனால் விலை கம்ப்யூட்டர் விலையோடு போட்டி போடும். அந்த விலையே தடை என்று பார்த்த ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-ல் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இரண்டு பேருமே பார்வையற்றவர்கள். இன்று என்விடிஏவை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போய் எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இயக்கலாம். போன் பக்கம் 2009 முக்கியமான வருடம். ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் அந்த வருடம்தான் வந்தன. இரண்டுக்கும் தனி விலை கிடையாது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் அநேகமாக டாக்பேக் இப்போதே தூங்கிக்கொண்டிருக்கிறது.

கற்க வேண்டியது என்னென்ன?

மென்பொருள் இருந்தால் போதாதா? போதாது. டாக்பேக்கை இயக்கியதும் போனின் நடத்தையே மாறிவிடும். ஒரு தடவை தொட்டால் திறக்காது, பெயரை மட்டும் சொல்லும். திறக்க இரண்டு தடவை தட்ட வேண்டும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது தெரியாமல் இயக்கிவிட்டு, ‘போன் கெட்டுப்போச்சு’ என்று அணைத்து வைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சொல்லித்தந்த அனுபவத்தில் பயிற்சியை நான்காகப் பிரிக்கிறேன்.

முதலாவது, விரல். அண்ணன் மண்வெட்டி பிடித்த கை, விரல் நுனி காய்த்துப்போயிருக்கும். இரண்டு தட்டுக்கு நடுவில் இடைவெளி அதிகமானால் போன் அதை இரண்டு தனித்தனித் தொடுதலாக எடுத்துக்கொள்கிறது. முதல் இரண்டு வாரம் போனையே தொடாமல் மேசைமேல் தாளம் போடுவதுபோலத் தட்டிப் பழகினோம். ‘டக்டக்’, அவ்வளவுதான் பாடம். கம்ப்யூட்டரில் இதற்கு ஈடானது விசைப்பலகை. எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும், பார்க்காமல் தட்டுகிறவர்களுக்கு அதுதான் எல்லைக்கல். என்விடிஏவில் இன்சர்ட் விசையோடு 1 அழுத்தினால் ஒரு பயிற்சி நிலை வரும். அதில் எந்த விசையை அழுத்தினாலும் பெயரை மட்டும் சொல்லும், வேறெதுவும் நடக்காது. பயந்துகொண்டே கற்கிறவர்களுக்கு இதைப்போல வரப்பிரசாதம் வேறில்லை.

இரண்டாவது, காது. பழகியவர்கள் சாதாரணப் பேச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அது வண்டு இரைச்சல். என்விடிஏவோடு வரும் இ-ஸ்பீக் என்ற குரல் தகரம்போல இருக்கும், தமிழும் பேசும். அது மனிதக் குரலைப் பதிவு செய்து ஒட்டியதல்ல, ஒலியின் அதிர்வுகளைக் கணக்குப்போட்டு உருவாக்குவது. அதனால் வேகத்தைக் கூட்டினாலும் எழுத்து சிதையாது. இனிமையான குரல்கள் அந்த வேகத்தில் குழம்பிவிடும். புதிதாக வருகிறவருக்கு இனிய குரல், மெதுவான வேகம். மாதம் போகப்போக வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, மனதுக்குள் ஒரு வரைபடம். கண் ஒரு பக்கத்தை ஒரே நொடியில் அள்ளிக்கொள்ளும். காதுக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும். ஒரு செய்தித்தளத்தில் முதல் செய்திக்கு வருவதற்குள் நாற்பது இணைப்புகளைக் கேட்க வேண்டியிருக்கும். தெரிந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. என்விடிஏவில் எச் அழுத்தினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம், கே அழுத்தினால் இணைப்புகள், டி என்றால் அட்டவணைகள். இதைக் கற்காதவருக்கு இணையம் ஒரு நீளமான நூல்கண்டு. கற்றவருக்கு அது தெருவும் சந்தும் உள்ள ஊர்.

நான்காவது, மாட்டிக்கொண்டால் மீள்வது. நான் பார்த்த பாடக்குறிப்புகளில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. குரல் திடீரென்று நின்றுவிட்டது, தெரியாத பக்கம் வந்துவிட்டது, விளம்பரம் குறுக்கே வந்துவிட்டது, என்ன செய்வது? முகப்புக்குத் திரும்புவது எப்படி, குரலை மறுபடி கொண்டுவருவது எப்படி, யாரிடம் கேட்பது? இது தெரிந்தால்தான் ஆள் தனியாகப் போனைத் தொடுவார்.

இன்னொன்று, அண்ணன் சொல்லி எனக்குப் புரிந்தது. வங்கிக் கணக்கைப் போன் டீக்கடையில் உரக்கச் சொன்னால், பக்கத்து வீட்டுப் பையன் வாசிப்பதைவிட அது மோசம். அதனால் இயர்போன் ஆடம்பரமில்லை. ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது தெருவுக்கு. திரையை மறைத்து வைக்கும் வசதியும் டாக்பேக்கில் இருக்கிறது. ரூபாய் நோட்டை அடையாளம் காண ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று மணி என்ற செயலியை வெளியிட்டது. கேமரா முன் நோட்டைப் பிடித்தால் மதிப்பைச் சொல்லும். சில்லறை வாங்கும்போது அடுத்தவர் சொல்லை நம்பியே இருக்க வேண்டியதில்லை.

வாரம் இரண்டு மணி நேரம் வீதம் எட்டு வாரம் ஆனது, அண்ணன் குறுஞ்செய்தியைத் தானே கேட்டு ஓடிபியைத் தானே போட. நடுவில் இரண்டு தடவை ‘போதும் தம்பி, விடு’ என்றார். ஒரு மணி நேர விளக்கக் கூட்டத்தில் முடிகிற வேலை இல்லை இது.

தமிழுக்கென்று ஒரு சிக்கல், ஒரு வசதி

கம்ப்யூட்டர் தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பழைய பாமினி எழுத்துருவில் இதைத் தட்டினால் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. கண்ணுக்கு அது தமிழ். திரைவாசிப்பானுக்கு முகமூடி தெரியாது, உள்ளே இருப்பது மட்டும்தான் தெரியும். அதனால் ‘ஜேகேபிஓ’ என்று ஏதோ உளறும். பழைய எழுத்துருக்களில் கிடக்கும் சுற்றறிக்கை, கேள்வித்தாள், புத்தகக் கோப்பு எல்லாம் பார்வையற்ற வாசகருக்குப் பூட்டிய பெட்டி. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து போட்டால் இன்னும் மோசம், அதில் எழுத்தே இல்லை, வெறும் படம்.

வசதி என்று சொன்னது இது. ‘கொ’ என்று எழுதும்போது கண் பார்ப்பது கொம்பு, க, கால் என்ற வரிசை. பாமினியிலும் அந்த வரிசையில்தான் மூன்று தட்டு தட்ட வேண்டும். ஆனால் வாயும் காதும் அறிந்த வரிசை வேறு: முதலில் க், பிறகு ஒ. பிரெய்ல் இந்தக் காது வரிசையைப் பின்பற்றுகிறது. 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் ‘கொ’ என்பது க, ஒ என்ற இரண்டு கட்டம். உயிர்மெய்க்கென்று தனிக் குறி கிடையாது, உயிரெழுத்தின் கட்டமே போதும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையிலும் அதே கதை: க, ஒ, இரண்டு தட்டு. யூனிகோடிலும் முதலில் க, பிறகு ஒகரக் குறி.

பிரெய்லும் தமிழ்99-உம் யூனிகோடும் ஒன்றையொன்று பார்த்துச் செய்தவை இல்லை. ஆனால் மூன்றும் ஒலி வரிசையில் போய் நிற்கின்றன. இதனால் நடைமுறையில் என்ன லாபம்? பிரெய்ல் தெரிந்த ஒரு மாணவிக்குத் தமிழ்99 கற்றுத்தருவது எளிது, எழுத்துக்கூட்டும் முறை அவருக்கு ஏற்கெனவே விரலில் இருக்கிறது. புள்ளி மட்டும் இடம் மாறும்: பாரதி பிரெய்லில் அது மெய்யெழுத்துக்கு முன்னால், விசைப்பலகையில் பின்னால். இதைச் சொல்லிவிட்டால் மீதி பழக்கம்தான். பிரெய்ல் தெரியாமல் நடுவயதில் வருகிறவருக்கும் இதுவே பொருந்தும், பேசுகிற வரிசையில் தட்டினால் போதும் என்று சொல்லிவிடலாம். தமிழ்ப் பயிற்சிக் கையேடு எழுதுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும்.

குரல் பக்கமும் தமிழில் வேலை நடந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் கல்யாணகிருஷ்ணன் குழு ‘ஆச்சார்யா’ என்ற பன்மொழி மென்பொருளைப் பார்வையற்றோருக்கான குரல் வசதியோடு உருவாக்கியது. பின்னர் அதே ஐஐடியின் ஹேமா மூர்த்தி தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்கான குரல்களைச் செய்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவின் தமிழ் எழுத்துணரி, அச்சுப் புத்தகங்களைப் பிரெய்லாக மாற்றப் பயன்பட்டது. இப்போது விண்டோஸிலேயே வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் தமிழ்க் குரல் இருக்கிறது, பல போன்களில் அதைத் தனியாக இறக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அதைச் செய்யாத போன் ஆங்கிலக் குரலில் தமிழ்க் குறுஞ்செய்தியைத் தாண்டிப் போய்விடும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் வேண்டும் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கற்றவர்கள் எங்கே போனார்கள்?

பயிற்சி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார், முழுப் பார்வையின்மையுடன் அந்தப் பணிக்கு வந்த முதல் ஆள் அவர். வீட்டார் வாசித்துக் காட்டியதும், ஜாஸ் மென்பொருள் வழியாகத் தானே படித்ததும் சேர்ந்துதான் அவரை அங்கே கொண்டுபோனது. மதுரையைச் சேர்ந்த பூரணசுந்தரி 2019-ஆம் வருடக் குடிமைப் பணித் தேர்வில் அகில இந்திய அளவில் 286-வது இடம் பிடித்தார்.

அவ்வளவு உயரம் போகாத, ஆனால் எனக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் திருச்சியில் இருக்கிறது. ஆர்பிட் என்ற அமைப்பில் பார்வையற்றவர்கள் பெல் நிறுவனத்துக்கான உதிரிபாகங்களைச் செய்கிறார்கள். இரும்போடும் இயந்திரத்தோடும் வேலை. பயிற்சி சரியாக இருந்தால் கை எதையும் கற்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கம்ப்யூட்டர் பயிற்சிக்கு பூந்தமல்லியில் தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, சென்னையில் கர்ண வித்யா போன்ற அமைப்புகள் இருக்கின்றன, பெங்களூருவில் 1999 முதல் எனேபிள் இந்தியா இருக்கிறது. எல்லாம் பெரிய நகரம். பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கே சுமார் 60 கிலோமீட்டர். பெரம்பலூரில் ரயில் நிலையமும் கிடையாது, ரயில் பிடிக்க அரியலூர் போக வேண்டும். வேப்பந்தட்டையிலோ குன்னத்திலோ இருக்கும் ஐம்பது வயதுக்காரர், நடமாடும் பயிற்சியே இன்னும் பெறாதவர், பஸ் மாறிப் போய் விடுதியில் தங்கிக் கற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பாடம் அவர் ஊருக்கு வர வேண்டும்.

சட்டம் சொல்வதும் நாம் செய்யக்கூடியதும்

2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் பார்வையின்மை, குறைபார்வை உள்ளவர்களுக்கு. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைத் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு தீர்ப்பில் டிஜிட்டல் அணுகலை வாழ்வுரிமையின் பகுதியாகவே வைத்தது. வங்கிக் கணக்கு தொடங்கும்போது ‘கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டு’ என்று கேட்கும் முறைக்கு மாற்று வழி வேண்டும் என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சட்டம் கதவைத் திறக்கிறது. திறந்த கதவு வழியாக நடக்கத் தெரிய வேண்டும் என்றால் மறுபடியும் பயிற்சிக்குத்தான் வந்து நிற்கிறோம்.

இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும்? ஒருவர் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் சொல்லித்தர முடியாது. எட்டு வாரத்துக்கு ஒரு குழு, வருடத்துக்கு ஆறு குழு, ஒரு நாளைக்கு இரண்டு குழு என்று வைத்தால் ஓர் ஆசிரியர் வருடத்துக்கு அறுபது பேரை எட்டலாம். வட்டத்துக்கு ஓர் ஆள் இருந்தாலே சில வருடத்தில் விரும்புகிற எல்லோரையும் தொட்டுவிடலாம். அந்த ஆசிரியர் பார்வையற்றவராகவே இருந்தால் உத்தமம். நான் சொல்லித்தந்தபோது எனக்கே தெரியாமல் ‘இங்க பாருங்கண்ணே, மேல வலது ஓரத்துல’ என்று வந்துவிடும். பார்வையற்ற ஆசிரியர் வாயில் அது வராது. புத்தூரிலும் தஞ்சாவூரிலும் படித்துவிட்டுப் பட்டம் முடித்து வேலை தேடும் இளைஞர்கள் நம் மாவட்டங்களிலும் இருப்பார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு முதல் கூட்டமே ஆசிரியர்.

வாசிக்கிற உங்களுக்குச் சில வேலைகள். செயலி எழுதுகிறவர் என்றால் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வையுங்கள், ஒரு வரிதான். அலுவலகத்தில் இருப்பவர் என்றால் யூனிகோடில் தட்டுங்கள், ஸ்கேன் படத்தைச் சுற்றுக்கு விடாதீர்கள். வாட்ஸாப்பில் அறிவிப்பைப் படமாக அனுப்பினால் கீழே இரண்டு வரி எழுத்தாகவும் போடுங்கள்.

வீட்டிலோ தெருவிலோ பார்வை இழந்தவர் இருந்தால், அவருக்குச் சொல்லித்தரும் முன் நீங்கள் ஒரு மணி நேரம் டாக்பேக்கோடு இருந்து பாருங்கள். அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: இயக்கும் முன் அணைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியிலேயே குறுக்குவழியை இயக்கி வைத்தால், பெரும்பாலான போன்களில் ஒலியைக் கூட்டும் குறைக்கும் இரண்டு விசைகளையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தியே இயக்கலாம், அணைக்கலாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கடைசியாக வந்த குறுஞ்செய்தி என்ன என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு முதல் தடவை ஏழு நிமிடம் ஆனது.